அவுட்டானவர்கள் உட்காரும் மதில்

“விளையாட்டு நல்லதா இல்லையான்னு ஜெயிச்சவன்கிட்டக் கேக்காதீங்க…”

ஆவுடையப்பன் ஏழாவது படிக்கும்போது, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தலைமையாசிரியர் பேசியது இது. பின்னே யாரிடம்தான் கேட்கவேண்டும் என்பதையும் அவர் சொல்லத்தான் செய்தார். அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று கத்தித் தொலைத்தது. மீதி வாக்கியம் காற்றோடு போயிற்று. நாற்பது வருஷம் ஆகியும் அது அவர் கைக்கு வந்து சேரவில்லை.

இப்போது அது அவருக்குத் தேவைப்பட்டது.

மூன்று வருஷமாக ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்திருந்தார். பெயர் ‘கரை’. சின்ன வள்ளம் ஒன்று. எதிரே ஏழு அலை. தாண்டிக் கரையேற வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் ஒரு கம்பெனி அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, வெளியிடுவதற்கு இரண்டு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தது. ‘தோல்வியே இல்லாத விளையாட்டு. அதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எதையும் மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள்.

உண்மைதான். ஆடிப் பார்த்த எல்லாரும் ஜெயித்தார்கள். “அருமை” என்று கை கொடுத்தார்கள். ஒருத்தர்கூட இரண்டாம் தடவை ஆடவில்லை.

அதுதான் அவரைத் தின்றது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹாலில் ரூபி டீச்சர் இருந்தாள். நாலாபக்கத்திலிருந்தும் வருகிற கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவள் தொழில். அவளுக்குக் கீழே ஆறு பேர். கேம் செய்கிறவர்கள் அவளிடம் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போவார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இடது காலில் இரும்பும் தோல்வாருமாக ஒரு காலிபர். நடந்தால் ஹால் முழுக்க டக் டக் என்று கேட்கும். ஆவுடையப்பன் அவளைவிடப் பதினாலு வயது மூத்தவர். ஆனாலும் போய், ‘கரை’யையும் கம்பெனிக் கடிதத்தையும் காட்டிவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், ஒரு நல்ல கேமுக்கு என்னென்ன குணம் வேணும்?”

“நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க அண்ணாச்சி?”

நோட்டு வைத்திருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே எடுத்து வாசித்தார். நல்ல படம். நல்ல சத்தம். சுளுவான ஆரம்பம். இப்படிப் பதினான்கு.

“கடைசியா என்ன வாசிச்சீங்க?”

“ஆடுதவங்க மனசு நோகக்கூடாது.”

“சரி. கேரம் ஆடுவீங்களா?”

“ஓரளவுக்கு.”

“அப்ப தினம் காலையில வந்ததும் ஒரு போர்டு போடுவோம்.”

“நான் கேட்டதுக்குப் பதில், டீச்சர்?”

“போர்டு போடுவோம் அண்ணாச்சி.”

முதல் நாள் ஆவுடையப்பன் ஜெயித்தார். அதுவும் எப்படி? கடைசிக் காயில், மயிரிழையில். சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கினார். இரண்டாம் நாளும் ஜெயித்தார். மூன்றாம் நாள் சிவப்புக் காயையும் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு மாலை போடணும்னா வாசல் பத்தாது போலிருக்கே” என்றாள் பாத்திமா. மேலப்பாளையத்துப் பெண். ஹாலில் வேலை செய்யும் ஆறு பேரில் வாய் அதிகம் அவளுக்குத்தான். ‘கரை’யை முதல் தடவையிலேயே ஜெயித்துவிட்டு, “சூப்பர் அண்ணாச்சி” என்று சொல்லி எழுந்து போனவளும் அவள்தான்.

நாலாம் நாள் ஜெயித்தபோது ஆவுடையப்பன் சீட்டியடிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆட்டத்துக்கு நடுவில் செல்போனைப் பார்த்தார். ஆறாம் நாள் பல்வலி என்று சொல்லி வராமலே இருந்துவிட்டார்.

ஏழாம் நாள் மாடியேறும்போது கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகை நகர்ந்து கிடந்தது. எடுத்துத் திரும்ப வைக்கப் போனவர் அதைப் புரட்டிப் பார்த்தார். பலகை இல்லை, அது ஒரு கேடயம். மாவட்ட கேரம் போட்டி, பெண்கள் பிரிவு, முதல் பரிசு. கீழே அவள் பெயர்.

கேடயத்தோடு உள்ளே போனார்.

“இது என்ன டீச்சர்?”

“கதவுக்கு முட்டு.”

“எத்தனை வருஷம் ஜெயிச்சீங்க?”

“நாலு. மத்த மூணும் அங்கனதான் எங்கேயோ கிடக்கும்.”

“அப்ப இந்த ஆறு நாளா…”

“அஞ்சு. ஒருநாள் உங்களுக்குப் பல்வலி.”

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. “வேணும்னே தோத்தீங்களா? எதுக்கு? என்னைய என்ன ஒப்புக்குச் சப்பாணின்னு நினைச்சீங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவர் காதிலேயே விழுந்தது.

தெருவில் ஆடும் பிள்ளைகள் ரொம்பப் பொடிசு ஒன்றையும் அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், கத்தலாம். யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொட்டாலும் அவுட் கிடையாது. அதற்குத்தான் அந்தப் பெயர். ஊரில் யாரைப் பார்த்து வேண்டுமானாலும் சொல்கிற வார்த்தைதான். காலிபர் போட்டவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா?

ஹாலில் ஆறு விசைப்பலகையும் ஒன்றாக நின்றன. பாத்திமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டீச்சர்… வாய் தவறி…”

ரூபி டீச்சர் சிரித்தாள். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அது என் பட்டம் அண்ணாச்சி. அதைப் போயி நீங்க தட்டிப் பறிக்கப் பாக்கீங்களே. உக்காருங்க, சொல்லுதேன்.”

உட்கார்ந்தார்.

“எங்க தெருவுல சாயந்திரம் ஆனா ஓடிப்பிடிச்சு ஆட்டம். என்னையும் சேத்துக்கிடுவாங்க. ரொம்ப நல்ல பிள்ளைங்க. நான் நடுவுல நிப்பேன். எல்லாரும் என்னையச் சுத்தி ஓடும். ஒருத்தரும் தொடாது. எட்டு வயசு வரைக்கும் நான் ஒரு தடவைகூட அவுட் ஆனதில்ல. கணக்குப்படி பாத்தா அந்தத் தெருவுலயே பெரிய ஆட்டக்காரி நான்தான்.”

“ம்.”

“அவுட்டானவங்க சர்ச் மதில்ல ஏறி உக்காருவாங்க. அங்கயிருந்துகிட்டு ஒரே கத்து, ஒரே கேலி. நான் தெரு நடுவுல நின்னு மதிலைப் பாத்துக்கிட்டிருப்பேன்.”

ஆவுடையப்பன் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“வத்சலான்னு ஒருத்தி புதுசா வந்தா. அவ அப்பாவுக்கு மாற்றல். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வந்த வேகத்துல என் முதுகுல பளார்னு ஒண்ணு வச்சா. ‘அவுட்!’ன்னு கத்துனா. எல்லாரும் அவளை ஏசுறாங்க. ‘ஏ, அவளைத் தொடக்கூடாது’ங்காங்க. நான் யாரு பேச்சையும் கேக்கல. காலை இழுத்துக்கிட்டுப் போயி மதில்ல ஏறி உக்காந்துட்டேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி, ‘எம்மா, நான் அவுட்டு!’ன்னு கத்துனேன். எங்கம்மா பயந்தே போயிட்டா.”

“அப்புறம்?”

“மறுநாள் வத்சலா ஆட்டத்தையே மாத்திட்டா. எல்லாரும் ஒத்தக்கால்லதான் ஓடணும், ஒத்தக்கால்லதான் பிடிக்கணும். தொட்டா அவுட்டு. எனக்கும் சேத்துத்தான். ஒத்தக்கால்ல என்னைய அடிச்சுக்க அந்தத் தெருவுல ஆளு கிடையாது. அதுக்கும் முந்தி எத்தனை தடவ விழுந்தேன்னு கேக்காதீங்க.”

பிறகு டீச்சரே கேட்டாள். “உங்க வள்ளம் ஏன் கவிழவே மாட்டேங்குது அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார்.

“உள்ள ஒரு கை வச்சிருக்கேன் டீச்சர். வள்ளம் சாயப் போகும்போது அலையை அது சத்தமில்லாம அமுக்கிரும். ஆடுதவங்களுக்குத் தெரியாது. அதுக்கு நான் வச்ச பேரே ‘கை’தான்.”

“எதுக்கு?”

“முதமுதல்ல என் மச்சினன் ஆடுனான். நாலு தடவ கவுந்துச்சு. ‘இதுக்குப் பேரு விளையாட்டா?’ன்னு செல்லைக் கட்டில்ல எறிஞ்சுட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.”

“கம்பெனிக்காரங்களுக்குப் பிடிச்சதும் அந்தக் கைதானே?”

“அதேதான்.”

“பாத்திமா, அண்ணாச்சி கேமைப் போடு. அண்ணாச்சி, அந்தக் கையை இப்போதைக்கு நிறுத்துங்க.”

அப்போது மணி பதினொன்று.

பாத்திமா துடுப்புப் போட்டாள். இரண்டாம் அலையிலேயே வள்ளம் குப்புற விழுந்தது.

“என்ன அண்ணாச்சி, உங்க அலைக்கு என்னையக் கண்டா ஆவாதா? அன்னைக்குப் பசுமாடு மாதிரி இருந்துச்சே!”

ஆவுடையப்பனின் கை தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும், உள்ளேயிருக்கிற ‘கை’ வந்துவிடும்.

“கையை எடுங்க அண்ணாச்சி” என்றாள் டீச்சர்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுபடியும் கவிழ்ந்தது. மறுபடியும். “தள்ளு, நான் பாக்கேன்” என்று பக்கத்து நாற்காலிக்காரன் வந்தான். அவனும் கவிழ்ந்தான். ஹாலே சிரித்தது. கவிழ்ந்தவர்கள் பின்னாலிருந்த நீள மேசையில் ஏறி உட்கார்ந்தார்கள். மேசை நிறைந்துகொண்டே வந்தது. டீச்சரும் ஆடினாள். ஐந்தாம் அலையில் கவிழ்ந்து, டக் டக் என்று நடந்து போய் மேசையில் ஏறிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, நீங்க ஆடுங்க. உங்க அலைதானே, உங்களுக்கு மரியாதை குடுக்குதான்னு பாப்போம்” என்றாள் அங்கிருந்தே.

குடுக்கவில்லை. நாலாம் அலை தன்னைப் பெற்றவர் என்றுகூடப் பார்க்காமல் அவரைக் கவிழ்த்துப் போட்டது. மேசையிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. ஆவுடையப்பனும் போய் அந்த மேசையில் இடம் பிடித்தார். இடித்துக்கொண்டுதான் உட்காரவேண்டியிருந்தது.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு!” பாத்திமா எழுந்து நின்றாள். “மூணாவது அலை வரும்போது நான்தான் அவசரப்படுதேன். அதுமேல தப்பில்ல. எந்திரிங்க, எந்திரிங்க, என் முறை.”

“உன் முறை முடிஞ்சாச்சு.”

“முடிஞ்சா என்ன? என் வள்ளம்!”

மூன்றாம் அலையில் துடுப்பைத் தூக்கிவிட்டுச் சும்மா இருந்தாள். வள்ளம் ஏறி இறங்கிற்று. நாலு. ஐந்து. மேசையில் இருந்தவர்கள் ஒன்றாக முன்னால் சாய்ந்தார்கள். ஆறாம் அலையில் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்று, ஆவுடையப்பன் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நிமிர்ந்தது.

ஏழாவது அலை கரையில் கொண்டுபோய் வைத்தது.

“ஏறிட்டேன்!”

பாத்திமா போட்ட சத்தத்தில் கீழே டீக்கடையிலிருந்து இரண்டு பேர் படியேறி வந்துவிட்டார்கள். ஹாலில் ஆளாளுக்கு அடுத்தவர் முதுகில் அறைந்துகொண்டார்கள். யாரோ கேடயத்தை எடுத்துப் பாத்திமாவின் தலைமேல் தூக்கிப் பிடித்தார்கள். ஆவுடையப்பன் கைதட்டினார். பள்ளிக்கூட மைதானத்தில்கூட அவர் அப்படித் தட்டியதில்லை. கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் நேரமில்லை.

“அடுத்து நான்” என்று மேசையிலிருந்து மூன்று பேர் ஒன்றாகக் குதித்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலாகப் போயிற்று. வாசலோரத்தில் டிபன் கேரியர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் திறந்திருக்கவில்லை. கடைசியாக இருந்தது அவருடையது.

“டீச்சர், எங்க ஹெட்மாஸ்டர் ஒருதரம் சொன்னாரு. விளையாட்டு நல்லதா இல்லையான்னு ஜெயிச்சவன்கிட்டக் கேக்காதீங்கன்னு. யாருகிட்டக் கேக்கணும்னு சொல்லும்போது மைக் கத்திருச்சு.”

டீச்சர் தன் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்களைக் காட்டினாள்.

“மதில்ல உக்காந்திருக்கவங்ககிட்டக் கேளுங்க அண்ணாச்சி. ‘ஏன் இன்னும் வீட்டுக்குப் போகலை?’ன்னு கேளுங்க.”

கம்பெனி குறித்துக் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆவுடையப்பன் கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு, ‘கை’யை எடுத்துவிட்டு, ‘கரை’யைத் தன் பெயரில் வெளியிட்டார்.