ஒரு கைப்பிடிச் சோறும் யானைச் சிங்காரியும்

வெண்பாறை நாட்டு அரசர் அழகாபரணருக்குப் பெயர் மட்டுமா நீளம்? சுற்றளவும் தாராளம்தான். அந்த ஆண்டு விஜயதசமி ஊர்வலத்தில் அவர் ஏறி உட்கார்ந்ததும் பட்டத்துக் குதிரை நாலடி நடந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. நடுத்தெருவில் அப்படியே படுத்துவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

அரண்மனை வைத்தியர் திருமேனிநாதர் அன்று மாலையே ஓடிவந்தார்.

“இரண்டே பௌர்ணமிக்குள் உங்களை மூங்கில் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன், அரசே. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிச் சோறு, அவ்வளவுதான். நீங்களே கெஞ்சினாலும் யாரும் அதற்கு மேல் தரக்கூடாது என்று ஆணை போட்டுவிடுங்கள்.”

“போட்டேன்! ஒரு கைப்பிடிக்கு மேல் ஒரு பருக்கை தருகிறவன் தலை இருக்காது.”

முதலில் எல்லோரும் மெச்சினார்கள். அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. வாசனை மூக்கைத் துளைக்கிறதென்று ஊரில் ஒருவரும் கடுகு தாளிக்கக் கூடாது என்றார் அரசர். வீணை வாசிக்க வந்த வித்துவானைப் பார்த்து, “பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பழிக்கிறாயா?” என்று விரட்டினார். வரப்புத் தகராறு என்று வந்த அண்ணன் தம்பி இருவரையும் சிறையில் போட்டார். வழக்கைக் கேட்கவே இல்லை.

ஒருநாள் அரியணையிலிருந்து இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு சாய்ந்தார். ஓடிப்போய்த் தாங்கியவன் கூத்தபிரான். அவையில் விகடம் பேசிப் பிழைப்பவன் அவன். பிடித்த கை சில்லென்று இருந்தது. தலையைத் தூக்கி நிறுத்தினால் முடி கொத்தாக அவன் விரலோடு வந்தது. கூத்தபிரான் அதை ஓடிவந்த வைத்தியரிடம் நீட்டினான்.

வைத்தியர் நாடி பார்த்தார். “கொழுப்பு கரைகிறது. நல்ல குறி!”

அரசி மங்கையர்நாயகி கூத்தபிரானைத் தனியே கூப்பிட்டாள். “எப்படியாவது இவர் வயிற்றுக்கு நாலு வாய் போகச் செய்யும்.”

“தலை போகுமே, தாயே.”

“தலைக்குள்ளே ஏதாவது இருந்தால் போகாது.”

கூத்தபிரான் கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். எங்கே போவதென்று தெரியாமல் நடந்தவன் யானைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தான். பெண்யானை சிங்காரி கவளம் வாங்கித் தின்றுகொண்டிருந்தது. நின்று பார்த்தான். முகம் மலர்ந்தது. பாகன் காதில் ஏதோ சொன்னான்.

மறுநாள் மதியம். அரசர் முன் வாழையிலை விரித்திருந்தது. பக்கத்தில் வைத்தியர் காவல். திடீரென்று மண்டபமே அதிர சிங்காரி உள்ளே வந்தது. பின்னாலேயே ஆட்கள் ஓர் அண்டாச் சோற்றைத் தூக்கி வந்தார்கள். கூத்தபிரான் சைகை காட்டினான். யானை ஒரு வளை வளைத்து அள்ளி, இலையில் தொப்பென்று போட்டது. சோற்று மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அரசரின் கிரீடம் மட்டும்தான் தெரிந்தது.

“ஆணையை மீறிவிட்டான்! வெட்டுங்கள் தலையை!” என்று குதித்தார் வைத்தியர்.

“ஒரே ஒரு கைப்பிடிதானே, வைத்தியரே?”

“அது யானை ஐயா, யானை!”

“அது அள்ளியதே, அதற்கு என்ன பெயர்?”

“து… துதிக்கை.”

“கைதானே? யார் கை என்று ஆணையில் இல்லையே!”

அரசர் எதையும் கேட்கவில்லை. அவர் விரல்கள் சோற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. கூத்தபிரானே பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். “பொறுங்கள், அரசே!”

“ஆமாம், பொறுங்கள்!” என்று வைத்தியரும் அலறினார். “காய்ந்த வயிறு இவ்வளவு தாங்காது. உயிருக்கே ஆபத்து!”

“அப்படிச் சொல்லுங்கள். யானைக் கை அரசருக்குப் பெரியது. அப்படியானால் ஆளுக்கு ஆள் அளவு உண்டு. இத்தனை நாளும் அளந்தது யார் கை?”

“வைத்தியர் கைதான்,” என்றார் சமையற்காரர். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்தாலே நிறைந்துவிடும்.

“அது போகட்டும். நீங்கள் இன்று மதியம் எத்தனை கை சாப்பிட்டீர்கள்?”

வைத்தியர் வாயைத் திறந்தார். பதிலுக்கு முன் ஏப்பம் வந்துவிட்டது.

அரசர் மெல்லக் கேட்டார். “உண்மையைச் சொல்லும். நான் இளைக்கவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். எவ்வளவு சாப்பிடலாம்?”

வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டியது. “உடம்பு ஓடவே ஓர் அளவு வேண்டும், அரசே. வழக்கமாகச் சாப்பிடுவதில் கொஞ்சம் குறைத்து, நன்றாக நடந்தால் இளைக்கும். ஒரேயடியாகக் குறைத்தால் கொழுப்போடு பலமும் கரையும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அப்படிச் சொன்னால் வேறு வைத்தியரைத் தேடுவீர்களோ என்று பயந்துவிட்டேன்.”

யானை அள்ளியதை யானைக்கே கொடுத்தார்கள். அரசருக்கு முதலில் உப்புப் போட்ட கஞ்சி. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நாலைந்து நாளில் தெம்பு வந்தது. பிறகு அவரவர் கையே அவரவர்க்கு அளவு என்று முடிவாயிற்று. வேளைக்கு அவர் கையால் சில பிடி சோறு, அதே அளவு கீரை, பருப்பு, ஒரு செம்பு மோர். நெய்யில் மிதந்த பொங்கலும் அதிரசத் தட்டும் திருநாளுக்கு மட்டும். தலை சுற்றினால் ஒரு பிடி கூடுதல். மாலையில் கோட்டை மதிலைச் சுற்றி நடை. துணைக்கு வைத்தியரும் மூச்சு வாங்க நடக்க வேண்டும், அதுதான் அவருக்குத் தண்டனை. சிறையிலிருந்த அண்ணன் தம்பியும் யானை வந்த அன்றே வீடு போனார்கள். பௌர்ணமிகள் வந்தன, போயின. பங்குனியில் குதிரை அரசரைச் சுமந்துகொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பியது.

அன்று அவையில் அரசர் தம் கைக் கடகத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். அப்புறம் குறும்பாகக் கேட்டார்.

“அது சரி, ‘ஒரு கைப்பிடி’ என்று சொல்லாமல் ‘ஒரு வாய்ச் சோறு’ என்று நான் ஆணை போட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?”

“அகழியிலிருந்து முதலையைக் கொண்டு வந்திருப்பேன், அரசே.”

அவையே சிரித்தது. அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “முதலை வாய் எவ்வளவு கொள்ளும் என்று யாரடா அளப்பது?”

கூத்தபிரான் பணிவாகக் கைகட்டி நின்றான்.

“அளவெல்லாம் வைத்தியர் கைதானே, அரசே!”