எந்த வண்டியில் போயிருந்தால்

மகளைப் பறிகொடுத்த அடுத்த தை மாதம், ஆனைமலை அடிவாரத்தில் இருந்த அந்தப் பயிற்சித் திடலைத் தேடிக்கொண்டு வெள்ளியங்கிரி வந்தார். காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் இடம். நடத்துபவள் நஸ்ரின். வயதில் அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். மகள் தாரணி அவளிடம்தான் கற்றாள்.

அவரைப் பார்த்ததும் நஸ்ரின் எழுந்து நின்றாள்.

"உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்விங்க டீச்சர். அவ கொண்டுபோனது பெரிய வண்டி. தார் ரோட்டுக்கு அருமையா இருக்கும், கல்லு மண்ணுன்னு வந்தா கனம்னு சொல்றாங்க. உங்ககிட்ட அந்தச் சின்ன வண்டியும் ஓட்டியிருக்கறா. அதுல போயிருந்தா, என்ற புள்ள பொழச்சிருப்பாளுங்களா?"

"நீங்க இந்த வண்டிகளை ஓட்டியிருக்கீங்களா சார்?"

"இல்லீங்க. நமக்கு மொபெட்தான்."

"அப்ப நான் எதைச் சொன்னாலும் உங்களுக்கு அது வெறும் வார்த்தை. ஞாயித்துக்கிழமை வாங்க."

வெள்ளியங்கிரி இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்து திரும்பி வந்த பாகத்தைக் கையில் வாங்கினால், விரிசல் எந்த இடத்தில் பிறந்தது என்று காணாமல் கீழே வைக்க மாட்டார். காரணமில்லாமல் எதுவும் உடையாது என்பது அவர் கட்சி. தாரணி இமயமலைப் பக்கம் போயிருந்தாள். பனி உருகி வந்த ஓடையைக் கடக்கும்போது வண்டி சரிந்தது, தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடப் போனவர்களுக்குச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது. அவருக்கு அது போதவில்லை.

ஞாயிறுதோறும் வந்தார். விழுந்தார். முழங்கை சிராய்ந்தது, முட்டி வீங்கியது. நஸ்ரின் அதிகம் பேசுவதில்லை. "நின்னுக்கிட்டே ஓட்டுங்க" என்பாள். "பிடியைத் தளர்த்துங்க" என்பாள். விழுந்தால் தூக்கிவிட ஓடிவர மாட்டாள். அவராக வண்டியை நிமிர்த்தும்வரை தள்ளி நின்று காத்திருப்பாள்.

கற்க வந்தவர் என்றாலும் அவர் மனம் இரண்டு வண்டிகளையும் எடை போட்டுக்கொண்டே இருந்தது.

"பெருசு ரோட்டுல தேர் மாதிரி போகுதுங்க. ஆனா மணல்ல இறங்குனா முன்சக்கரம் புதையுது."

"ஆமா சார்."

"சின்னது மேட்டுல ஆட்டுக்குட்டியாட்டம் ஏறுது. ஆனா நாள் முச்சூடும் ஹைவேயில ஓட்டுனா கை மரத்துப்போகும். டேங்க்கும் சின்னது. அத்தன தூரம் போறதுக்கு அதை எடுத்திருக்க மாட்டாளோ என்னமோ."

"இருக்கலாம் சார்."

"நீங்களா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க."

வீட்டிலும் அதே பேச்சுதான். ஒருநாள் சாப்பிடும்போது, பெரிய வண்டியின் கனம் எந்த இடத்தில் உட்காருகிறது, சரிந்தால் அது ஏன் நிமிராது என்று மனைவி ருக்குமணிக்கு விளக்க ஆரம்பித்தார். அவள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள்.

"அந்த வண்டின்னா அவளுக்கு உசுரு. ஊட்டுக்கு வந்ததும் துணி மாத்தறதுக்கு முன்னால அதைத்தான் தொடைப்பா. நீங்க அதைக் கூண்டுல ஏத்தி விசாரிச்சுட்டே இருக்கறீங்க."

"காரணம் தெரிய வேண்டாமா ருக்கு?"

"தெரிஞ்சா வந்துருவாளா?"

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். அவர் தனியே உட்கார்ந்திருந்தார். காரணம் தெரிந்துவிட்டால் இரவில் தூங்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆடி பிறந்து மலையில் மழை பிடித்தது. திடலுக்குப் பின்னால் வறண்டு கிடந்த ஓடையில் தண்ணீர் வந்தது. அந்த ஞாயிறு நஸ்ரின் இரண்டு வண்டிகளையும் ஓடைக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"இன்னிக்கு உங்க கேள்விக்குப் பதில் தேடலாம் சார். ரெண்டுலயும் கடந்து பாருங்க."

தண்ணீர் முழங்காலளவுதான். ஆனால் கலங்கல். அடியில் என்ன கல் கிடக்கிறது என்று தெரியவில்லை. நஸ்ரின் இறங்கி நடந்துபோய், ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கமாக நடுவோடையில் நின்றுகொண்டாள்.

"நான் இங்க நிக்கிறேன். வாங்க."

முதலில், மகள் ஓட்டிய அதே மாதிரிப் பெரிய வண்டி. ஏறி நின்றார். முன்சக்கரம் ஒரு கல்லில் இடறியது, பின்சக்கரம் வழுக்கியது, அவர் ஏதோ கத்தினார், வண்டி அக்கரை ஏறியது. அதே வேகத்தில் திருப்பிக்கொண்டு வந்தார்.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த வண்டி கடக்கிறதே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் கடக்கவில்லை என்றுதான் தோன்றியது.

அடுத்து சின்ன வண்டி. நடுவோடையில், எந்தக் கல் என்று அறியும் முன்னால், அது காலுக்கடியிலிருந்து நழுவியது. குப்புற விழுந்த அவர் தலைக்கு மேல் தண்ணீர் போனது. மூக்கில் மண் ஏறியது. குளிர் நெஞ்சைப் பிடித்த அந்தக் கணத்தில் அவருக்கு வண்டி எதுவும் நினைவில் இல்லை. தாரணி என்று மட்டும் மனம் அலறியது.

நஸ்ரின் சட்டையைப் பற்றித் தூக்கினாள். இருவருமாக வண்டியைக் கரைக்குத் தள்ளினார்கள். வெள்ளியங்கிரி ஈரத்தோடு ஒரு கல்லில் உட்கார்ந்து, உடம்பு குலுங்க அழுதார். நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேற்றவில்லை.

"பெருசு தாண்டிருச்சு. சின்னது சாச்சுருச்சு," என்றார் அழுகை அடங்கியதும். "இன்னொருக்கா போனா மாறியும் நடக்குமுங்க. இல்லீங்களா?"

"ஆமா சார்."

"அப்பறம் காரணம்?"

"தெரியலை சார். சேதி வந்த நாள்ல இருந்து நானும் தேடிட்டுத்தான் இருக்கேன். நான் சொல்லிக்குடுத்ததுல எது கொறைஞ்சுதுன்னு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அந்த முகத்தை இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கரைக்குப் போனீங்களே சார்," என்றாள் நஸ்ரின். "அங்க என்ன இருந்துச்சு?"

அவர் யோசித்தார். சக்கரம் நினைவுக்கு வந்தது. ஈரமான பிரேக் நினைவுக்கு வந்தது.

"பாக்கலீங்க."

"எந்த வண்டி நல்லதுன்னு தாரணி ஒருநாளும் என்கிட்ட கேட்டதில்ல சார். எந்த மேட்டைக் காட்டினாலும், எந்த ஓடையைக் காட்டினாலும், அந்தப் பக்கம் என்ன இருக்குன்னுதான் கேப்பா."

வெள்ளியங்கிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

"போய்ப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுன்னு சொல்வேன் சார்."