சோற்றுக்குப் பவளம் வைத்த பெயர்

அந்தக் காலத்தில் கரடியும் அணிலும் நம்மோடு சரிசமமாய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. சோற்றுக்குப் பெயர் சோறு இல்லை, ‘பெருஞ்செந்நெல்லமிழ்து’. மழை இல்லாத ஒரு வருஷம், ஊரும் காடும் சேர்ந்து ஒரே பானையில் பொங்கின. அகப்பை கரடியின் கையில். அவரவர் வாயால் அந்த நீளப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சோறு. ஒருவர் பங்கை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

மாராயியின் மகள் பவளத்துக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. மாராயிக்குப் பால் வற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது.

“அண்ணே, பிள்ளைக்கு ஒரு கரண்டி.”

“அதுவே கேட்கட்டும், தாயி. உனக்காக விட்டால், முயல் பதினாறு பிள்ளைகளோடு வந்து நிற்கும்” என்றது கரடி.

மாராயி மகளை மடியில் வைத்து நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். பவளம் பார்த்தது, சிரித்தது, எச்சில் வடித்தது. அவ்வளவுதான். இருக்கிறதே இரண்டு பல், அதற்கு ‘ழ’ எங்கே வரும்? கொஞ்ச நேரத்தில் அழவும் தெம்பில்லாமல், பால் குடிக்கிற மாதிரி உதட்டை மூடித் திறந்தது.

“ம்ம.”

“கேட்டுட்டா!” என்று துள்ளினாள் மாராயி.

“அது கொட்டாவி” என்றது கரடி.

“ம்ம, ம்ம, ம்ம.”

“கொட்டாவி இப்படி அச்சடிச்ச மாதிரி அடுத்தடுத்து வருமா, அண்ணே?”

கரடி தலையைச் சொறிந்தது. “வராதுதான். ஆனாலும் ஒருத்தர் மட்டும் சொன்னால் அது வெறும் சத்தம். இன்னொருத்தரும் அதே பொருளில் சொன்னால்தான் வார்த்தை.”

மாராயி எழுந்தாள். ஊரும் காடும் பார்க்கத் தட்டை நீட்டினாள்.

“எனக்கும் மம்மம்.”

அணில் உருண்டு உருண்டு சிரித்தது. “ஏங்க்கா, உனக்குமா பல்லு முளைக்கல?”

“முளைச்சிருக்கே, பாரு” என்று எல்லாப் பல்லையும் காட்டிவிட்டு, இன்னும் சத்தமாய்க் கேட்டாள்: “மம்மம்!”

பவளம் அம்மாவின் உதட்டையே பார்த்தது. “மம்மம்” என்றது.

கரடி அகப்பையைப் பானைக்குள் விட்டது. சோற்றைக் குழைய மசித்துக் குழந்தையின் வாயருகே நீட்டியது. அடுத்து நின்ற யானை மெல்லக் குனிந்து, “அப்படியே எனக்கும் மம்மம். நீளப் பெயரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே ஆறிப்போகுது” என்றது.

அன்று முதல்தான் பிள்ளைகள் உதட்டை மூடித் திறந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார்கள்; எப்பேர்ப்பட்ட பேச்சுக்காரியும், ஊட்ட உட்கார்ந்தால், தானே முதலில் ‘மம்மம்’ என்கிறாள்.