அரை ஆள் வந்த பந்தி

வெகு காலத்துக்கு முன்னால் மருதங்காட்டு நாட்டை நீலகண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் இறக்க முடியாது. சின்ன வயதில் அளவில்லாமல் வடை தின்று வயிற்றுவலியில் புரண்டவர், ராஜா ஆனதும் ஒரு கட்டளை போட்டார்: அரண்மனைப் பந்தியில் பெரியவர்களுக்கு மூன்று வடை, பிள்ளைகளுக்கு ஒரு வடை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அந்த வடைதான் சமையல்காரர் பேச்சிமுத்துவைச் சபை நடுவே கொண்டுவந்து நிறுத்தியது.

அரண்மனை மேற்பார்வையாளர் நரசிங்கருக்கு ஒரு மைத்துனர். வேலை வெட்டி கிடையாது. அவரைச் சமையல்கட்டில் உட்கார வைக்க நரசிங்கர் நெடுநாளாகச் சமயம் பார்த்திருந்தார். ராஜாவின் பிறந்தநாள் பந்தி முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

"மகாராஜா, நேற்றுப் போட்ட இலை நூறு. சுட்ட வடை இருநூற்று நாற்பது என்று இவனே சொல்கிறான். பரிமாறியதோ இருநூற்றுப் பதினைந்துதான். நானே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். மிச்சம் இருபத்தைந்து வடை இவன் வீட்டுக்குப் போய்விட்டது."

பேச்சிமுத்து தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வேலை போனால் போகட்டும், எங்கேயாவது கரண்டி பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். திருடன் என்ற பேரைச் சுமந்துகொண்டு பெண்டாட்டி பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

"சாமி, சுட்ட வடையெல்லாம் இலைக்குத்தான் போச்சு," என்றார்.

ராஜா மீசையை முறுக்கினார். அப்போது அமைச்சர் திருமேனியார் மெதுவாக எழுந்தார்.

"நரசிங்கரே, பந்தியில் பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர்?"

"வடையைத்தான் எண்ணினேன். தலையை யார் எண்ணினார்கள்?"

"பரவாயில்லை, உம்முடைய வடையே சொல்லிவிடும். முதலில் நூறு இலைக்கும் ஒவ்வொரு வடை வைப்போம். பிள்ளைகள் பங்கு அதோடு முடிந்தது. இருநூற்றுப் பதினைந்தில் நூறு போனால்?"

"நூற்றுப் பதினைந்து."

"அவ்வளவும் பெரியவர்களுக்கு. ஆளுக்கு இன்னும் இரண்டு வைக்கவேண்டும். அப்படியானால் பெரியவர்கள் எத்தனை பேர்?"

நரசிங்கர் விரலை மடக்கினார். மறுபடி பிரித்தார். "ஐம்பத்தேழு பேர்... ஒரு வடை மிஞ்சுகிறது."

"மிஞ்சக் கூடாதே, ராஜா கட்டளை ஆயிற்றே. அந்த ஒரு வடையை அரை ஆளுக்கு வைத்தீர்களோ? அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்?"

சபையில் சிரிப்பு கிளம்பியது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, பேச்சிமுத்து சொல்வது மட்டும் நிஜம் என்று எப்படித் தெரியும்?"

"அதையும் போட்டுப் பார்ப்போம் மகாராஜா. இருநூற்று நாற்பதில் நூறு போனால் நூற்று நாற்பது. இரண்டிரண்டாக வைத்தால் எழுபது பெரியவர்கள். நூறு இலையில் மீதி முப்பதும் பிள்ளைகள். நேற்று வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தங்கள் கையாலேயே பம்பரம் கொடுத்தீர்களே, எத்தனை கொடுத்தீர்கள்?"

ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது! ஒவ்வொன்றையும் நானே சுற்றிப் பார்த்துத்தான் கொடுத்தேன்."

நரசிங்கருக்குத் தலை தொங்கிப்போயிற்று. பந்திப் பக்கமே தான் போகவில்லை, இருபத்தைந்து என்பது வாய்க்கு வந்த எண் என்று ஒப்புக்கொண்டார். பேச்சிமுத்து அமைச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ராஜா தன் விரல் மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். பிறகு, "பேச்சிமுத்து, உனக்கு என்ன வேண்டும்? கேள்," என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சாமி. திருடன்னு சொன்னது இந்தச் சபையிலதான். இல்லைன்னும் இங்கேயே, மேற்பார்வை அய்யா வாயாலேயே சொல்லிட்டா போதும்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. ராஜா நரசிங்கரைப் பார்த்தார்.

நரசிங்கர் எழுந்து, தரையைப் பார்த்தபடி, "பேச்சிமுத்து திருடவில்லை," என்று முணுமுணுத்தார்.

"அரை ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறது," என்றார் ராஜா. "முழு ஆளாக நிமிர்ந்து நின்று சொல்லும்."