ஒன்பதாவது கேள்வி

“ஆப்ல ஒரு கோளாறும் இல்லைங்க. ஒரு ஃபாரத்தைப் பாதியில விட்டுட்டு இன்னொண்ணுக்குத் தாவறீங்க. அப்புறம் எழுதினதைக் காணோம்னு புகார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

சொன்னவர் மகுடபதி. ஐம்பது வயது. கிராம நர்சுகள் கைபேசியில் நிரப்பும் செயலியை எழுதியவர். அதில் ஆறு படிவங்கள். ஆறும் அவருக்குப் பெற்ற பிள்ளைகள். யாரும் குறை சொல்லிவிட முடியாது.

கேட்டுக்கொண்டு நின்றவள் கோகிலவாணி. அந்த ஊர் நர்ஸ். அவருக்கு மகள் வயதிருக்கும். கையில் ஒரு நோட்டு.

“வீட்டுக்கு வீடு நோட்டுல எழுதி, சாயந்திரம் ஆப்ல ஏத்தறீங்களாமே? அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். எதுக்குங்க இந்த நோட்டு?”

அவள் நோட்டைப் பைக்குள் போட்டாள். கைபேசியை நீட்டினாள்.

“இன்னிக்கு நீங்களே நிரப்புங்க சார். நான் பார்த்துக் கத்துக்கறேன்.”

மகுடபதிக்கு உச்சி குளிர்ந்தது.

முதல் வீட்டில் வளர்மதி இருந்தாள். பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தவள். இந்த ஊருக்குப் புதுப்பதிவு.

மகுடபதி கர்ப்பிணிப் படிவத்தைத் திறந்தார். பெயர், வயது, எடை. விரல் பறந்தது. ஒன்பதாவது கேள்வியையும் அதே வேகத்தில் வாசித்தார்.

“இதற்கு முன் குழந்தை இறந்து பிறந்ததுண்டா?”

வளர்மதி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

“ஆமாங்க.”

“எத்தனாவது மாசம்?”

“எட்டுங்க. பொம்பளப்புள்ளைங்க.”

யாரும் கேட்காமலே சொன்னாள்: “தலை நிறைய முடிங்க.”

அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. மகுடபதி பத்தாவது கேள்விக்குப் போனார்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கோகிலவாணி குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினாள்.

“காய்ச்சல் ஃபாரத்தைத் திறங்க சார். அதுல பதிஞ்சாத்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு வரும்.”

திறந்தார். நிரப்பினார். சீட்டு வந்தது. இவ்வளவுதானே என்று கர்ப்பிணிப் படிவத்துக்குத் திரும்பினார்.

பெயர்கூட இல்லை.

ஒரு படிவம் திறந்தால் முந்தையது தானாக அழிய வேண்டும் என்று எழுதியவர் அவரேதான். செயலி வேகமாக ஓடுவதற்காக அப்படிச் செய்தார். அலுவலகத்தில் நூறு முறை சோதித்தார்கள். அங்கே நடுவில் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வரவில்லை.

கோகிலவாணி ஈரத்துணியால் குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் மறுபடி சொல்லும்மா. பேரு?”

வளர்மதி சொன்னாள். வயது சொன்னாள். எடையும் சொன்னாள். அலுக்கவில்லை, பாவம்.

எட்டுக் கேள்வி முடிந்தது. ஒன்பதாவது திரையில் வந்து நின்றது.

மகுடபதி வாயைத் திறந்தார். வளர்மதியின் விரல் மறுபடி முந்தானை நுனியைத் தேடிப் போயிற்று.

“அதையும் இன்னொருக்கா சொல்லோணுங்களா சார்?”

காது மடல்வரை சுட்டது அவருக்கு. இத்தனை வயதில், ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தார்.

“வேண்டாம்மா. எனக்கு ஞாபகம் இருக்கு.”

எட்டு என்று அவரே போட்டார். பெண் என்று போட்டார். அதன்பின் திரை சரியாகத் தெரியவில்லை.

குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இருவரும் தெருவுக்கு வந்தார்கள். கோகிலவாணி பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க சார். வாங்கிட்டுப் போகத்தானே வந்தீங்க?”

அவர் கை நீட்டவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“இந்த மாதிரி எத்தனை பேர்கிட்ட ரெண்டாம் தடவை கேட்டிருக்கீங்க?”

“ஒருத்தர்கிட்டத்தானுங்க சார்” என்றாள் கோகிலவாணி. “அன்னிக்கே நோட்டு வாங்கிட்டேன்.”