வேனுக்குப் பட்ட கண்

கோவில்பட்டி டிராவல்ஸ் முதலாளி சங்கரபாண்டியனின் பழைய ஆட்டோமேட்டிக் வேனிலிருந்து காலையில் திடீரென்று கியர் ஆயில் சிவப்பாக ஒழுகியது.

"எவன் கண்ணு பட்டுச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா வேலைக்கு வராத!" என்று வண்டி கழுவும் செல்லக்கனி மேல் பாய்ந்தார்.

அவள் வேனுக்கு அடியில் முழுநீளத்துக்கும் பழைய பேப்பரை விரித்து, டிரைவரை இன்ஜினை ஓடவிடச் சொன்னாள். கியர்பாக்ஸுக்குக் கீழே பேப்பர் காய்ந்தே கிடந்தது. முன்பக்கம் மட்டும் சொட்டுச் சொட்டாகச் சிவந்தது. நிமிர்ந்தாள். கிரில்லில் நாக்கைத் தொங்கப்போட்டபடி புதுத் திருஷ்டி பொம்மை.

"இதை மாட்டினது யாரு முதலாளி?"

"நானேதான், நேத்து! நாலு அங்குல ஸ்க்ரூ. அசையுதா பாரு!"

"அந்த ஸ்க்ரூதான் உள்ளே கியர் ஆயிலை ஆறவைக்கிற குழாயைத் துளைச்சிருக்கு. கண்ணு யாருதுன்னு தெரியல முதலாளி. கை உங்களுது."