மஞ்சள் கண்ணும் நாலு உருண்டையும்

"அறிவிருக்கா உனக்கு? எழுந்திரிடா!"

வைத்தியம் பார்க்கும் கீரி, கரடியின் மூக்கிலேயே ஒரு கடி கடித்தது. கரடி அசையவில்லை. குளக்கரைச் சேற்றில் பாறை மாதிரிக் கிடந்தது. மூச்சு எப்போதாவதுதான் வந்தது.

"நேத்து படுத்தவருதான் அண்ணே," என்று பெண் கரடி அழுதது. "பல்வலின்னு மருந்து தின்னாரு."

"நான்தானே கொடுத்தேன்! தூக்க வேர் உருண்டை. ஒண்ணே ஒண்ணு!"

"ஒண்ணு இல்லண்ணே. அஞ்சு."

கீரிக்கு மயிர் சிலிர்த்தது. "மிச்சம் நாலு எவன் கொடுத்தான்?"

புதரிலிருந்து முள்ளம்பன்றி தலையை நீட்டியது. அதுவும் வைத்தியர்தான். "நான்தான். கரடிக்கு நாலுதானே வழக்கம்? உன்கிட்ட வாங்கினதைச் சொல்லவே இல்லையே!"

"அவன் கண்ணைப் பார்த்தியா?"

"மூடிக்கிட்டே இருந்தான்பா! வலியில மூடியிருக்கான்னு நினைச்சேன்."

"வலியாவது மண்ணாவது! வெட்கம்!" கீரி கரடியின் இமையைத் தூக்கிக் காட்டியது. கண் பூசணிப் பூவாய் மஞ்சளித்துக் கிடந்தது. "இலுப்பைப் பூ ஊறலைக் குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்து வச்சிருக்கான். உள்ளே போற மருந்தை உடைச்சு வெளியே தள்ளுறது அந்த ஈரல்தான். அது படுத்துட்டா மருந்து எங்கே போகும்? உள்ளேயே நிக்கும்! இவனுக்கு ஒண்ணு தின்னாலே நாலு தின்ன மாதிரி. அதுக்கு மேல நாலா?"

"முயலுக்கும் நீங்க ஒண்ணுதான் கொடுத்தீங்களாம்," என்றது பெண் கரடி. "'முயலும் நானும் ஒண்ணா? என்னைக் கேவலப்படுத்திட்டான்'னு கத்திக்கிட்டே முள்ளம்பன்றிகிட்ட போனாரு."

"கௌரவமாம் கௌரவம்! உடம்பு பெருசா இருந்தா ஆச்சா? உள்ளே ஈரல் இருக்கணும்ல?"

கீரி திட்டிக்கொண்டே கரடியின் நெஞ்சில் ஏறிக் குதித்தது. முள்ளம்பன்றி ஓடிப்போய் வாயில் தண்ணீர் மொண்டு வந்து முகத்தில் துப்பியது. பெண் கரடி காதைப் பிடித்து உலுக்கியது.

ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

"சொன்னேனேடா!" என்று கீரி கத்தியது. கேட்க வேண்டியவனுக்குக் கேட்கவில்லை.

கோளாறை மறைத்து வாங்கினால் மருந்தும் விஷம்தான். 'எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் கண்ணைக் காட்டு' என்று சொல்லித்தான் கீரி அனுப்பியது, கரடி காட்டவில்லை.